கல்லூரி கால்பந்து அணியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி: புதுச்சேரி, கடலூர் அணிகளுக்கான வழிகாட்டி

பொன்விழா மலருக்கு "நம் கால்பந்து அணி" என்று நாலு பக்கம் எழுதித்தரச் சொன்னால், பெரும்பாலும் என்ன நடக்கிறது? உடற்கல்வித் துறை அறையின் கண்ணாடி பீரோவைத் திறந்து, கோப்பைகளில் பொறித்திருக்கும் ஆண்டுகளை வரிசையாக எழுதி, பெயர் போன நாலு ஆட்டக்காரர்களைச் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். அது பரிசுப் பட்டியல். முதல் சுற்றிலேயே வெளியேறிய ஆண்டு, பணம் ஒதுக்காததால் அணியே போகாத ஆண்டு, பெண்கள் அணி தொடங்கிய ஆண்டு எல்லாம் இருந்தால்தான் அதை வரலாறு என்று சொல்ல முடியும். அதற்கு ஒரே வழி, ஆண்டுக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆதாரம். ஆதாரம் கிடைக்காத கட்டம் காலியாகவே இருக்கட்டும். யாரோ சொன்னதை வைத்து அதை நிரப்பினால், பத்து வருடம் கழித்து அதுவே ஆதாரமாகிவிடும்.

முதலில்: அது எந்தப் பல்கலைக்கழகத்தின் அணி?

நம் பகுதியில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "யுனிவர்சிட்டி பிளேயர்" என்று ஒருவர் சொன்னால், எந்த ஆண்டு என்று தெரியாமல் எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவே முடியாது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கியது. தாகூர் கலைக் கல்லூரி 1961-லேயே வந்துவிட்டது. அப்போது அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். ஆகவே 1970-களில் தாகூர் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். அவருடைய சான்றிதழைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக அணியின் கணக்கில் சேர்த்தால் தவறு. கல்லூரி அணியின் கணக்கில் சேர்த்தால் சரி.

கடலூரில் இன்னும் சிக்கல். 1964-ல் தொடங்கிய பெரியார் கலைக் கல்லூரி முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் அதற்கு மாறியது. 2021-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஒரே மைதானம், ஒரே ஜெர்சி, மூன்று பல்கலைக்கழகங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-லிருந்து இருந்தாலும் வெளிக் கல்லூரிகளை இணைத்துக்கொண்டது 2021-ல்தான். அதற்கு முந்தைய அதன் அணி முழுக்க அண்ணாமலை நகர் வளாக மாணவர்களால் ஆனது. 2021-க்கு முன்னும் பின்னும் அந்த அணியை ஒப்பிடும்போது இதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

பிள்ளைச்சாவடியில் இருந்த அரசுப் பொறியியல் கல்லூரி 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறியது. அதுவரை அங்கே படித்தவர்கள் புதுச்சேரிப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வுக்குப் போனார்கள்; அதன் பிறகு அவர்களுக்கே தனி அணி. இது போன்ற சிறிய, புதிய பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இரண்டு பாகமாகப் பிரித்து எழுதுவது நல்லது: கல்லூரியாக இருந்த காலம், பல்கலைக்கழகமான பின்.

இன்னொன்று. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் எல்லை காரைக்கால், மாஹே, ஏனாம் மட்டுமல்ல, அந்தமான் வரை போகிறது. மாஹேயைச் சுற்றி இருப்பது மலபார். அங்கே கால்பந்து என்றால் ஊரே மைதானத்தில்தான் இருக்கும். காலாப்பட்டு வளாகத்து ஆட்களை மட்டும் விசாரித்துவிட்டு எழுதினால் அணியில் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள்.

பதிவேட்டை எப்படிப் போடுவது

ஒரு நீளக் கோட்டு நோட்டு அல்லது கணினியில் ஓர் அட்டவணை போதும். பத்திகள்: கல்வியாண்டு, போட்டியின் பெயர், நடந்த இடம், தேதி, எதிரணி, கோல் கணக்கு, எந்தச் சுற்று, கேப்டன், பயிற்சியாளர் அல்லது ஃபிசிக்கல் டைரக்டர், ஆதாரம், ஆதாரத்தின் தரம்.

ஆண்டை எப்போதும் "1978-79" என்றே எழுதுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில் வரும். "1979-ல் கப் அடித்தோம்" என்பவர் 1978-79 சீசனைச் சொல்கிறாரா, 1979-80 சீசனைச் சொல்கிறாரா என்பது தேதி தெரிந்தால்தான் புலப்படும். ஒரே கோப்பை இரண்டு ஆண்டுக் கணக்கில் ஏறிவிடுவது இதனால்தான்.

ஆதாரத்துக்கு மூன்று தரம் போதும். அந்தப் போட்டியின்போதே எழுதப்பட்ட தாள் என்றால் "அ": மேட்ச் ஷீட், ட்ரா ஷீட் (எந்தச் சுற்றில் யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை), மறுநாள் செய்தித்தாள், சான்றிதழ். பிற்பாடு எழுதப்பட்டது என்றால் "ஆ": ஆண்டு மலர், விழா மலர், பெயர்ப் பலகை. வாய்மொழி என்றால் "இ". "இ" தரத் தகவல் இரண்டு வெவ்வேறு ஆட்களிடமிருந்து, ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காத நிலையில் வந்தால் மட்டும் கட்டுரைக்குள் விடுங்கள்.

அறையில் மாட்டியிருக்கும் கேப்டன்கள் பெயர்ப் பலகையைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். பெயிண்ட் உதிர்ந்து மறுபடி எழுதும்போது இனிஷியல் மாறும், ஒரு வரி விட்டுப்போய் அதற்குக் கீழே எல்லாம் ஓராண்டு நகர்ந்திருக்கும். அதற்கு "ஆ"வுக்கு மேல் தரம் கொடுக்காதீர்கள்.

தாள்கள் எங்கே கிடைக்கும்

முதல் இடம் எலிஜிபிலிட்டி ஃபார்ம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகும் ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரரின் பெயர், பிறந்த தேதி, படிப்பு, சேர்ந்த ஆண்டு, புகைப்படம் எல்லாவற்றையும் பதிவாளர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். அதன் நகல் உடற்கல்வித் துறைக் கோப்பில் இருக்கும். அணியில் யார் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான தாள் இல்லை. ஆனால் பட்டியலில் இருந்தார் என்பதற்குத்தான் அது சான்று. களத்தில் இறங்கினாரா என்பதற்கு மேட்ச் ஷீட் வேண்டும்.

அது இல்லாவிட்டால் கணக்குப் பிரிவுக்குப் போங்கள். டி.ஏ. (பயணப்படி) பில்லில் எத்தனை பேர் போனார்கள், எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் புறப்பட்டு எந்தத் தேதியில் திரும்பினார்கள் என்பது இருக்கும். திரும்பிய தேதியே எந்தச் சுற்றோடு வெளியேறினார்கள் என்று காட்டிக்கொடுக்கும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் எந்த ஆண்டு எத்தனை பந்து, எத்தனை ஜோடி பூட்ஸ், என்ன நிற ஜெர்சி வாங்கினார்கள் என்று பதிவாகியிருக்கும். அணி இயங்காத ஆண்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும். கணக்குக் கோப்புகளைக் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் அழித்துவிடுவது அலுவலக நடைமுறை, ஆகவே இதை முதலில் முடியுங்கள்.

துறைத் தலைவருக்கு ஒரு கடிதமும் நேரில் ஒரு நடையும் பெரும்பாலும் போதும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், 30 நாளுக்குள் பதில். "கால்பந்து அணி பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் மறுப்பு வரும். "1990-91 முதல் 1999-2000 வரை தென்மண்டலப் போட்டிக்கு அனுப்பப்பட்ட கால்பந்து அணிகளின் பெயர்ப் பட்டியல்" என்று கேட்டால் தேடி எடுத்துத் தருவார்கள். அழிக்கப்பட்ட கோப்புகளின் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாததைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

கல்லூரி ஆண்டு மலரில் ஃபிசிக்கல் டைரக்டரின் அறிக்கை பின்பக்கங்களில் இருக்கும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் அதன் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. விளையாட்டுப் பகுதியை அதில் பாருங்கள்.

செய்தித்தாளில் தேடும்போது பதிப்பைக் கவனியுங்கள். உள்ளூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் மாறும். கடலூரில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டம் சென்னைப் பதிப்பில் வந்திருக்காது. ஆகவே சென்னை கன்னிமாரா நூலகத்தில் உட்காருவதற்கு முன், அங்கே இருக்கும் கட்டு எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் நடந்த மறுநாள் மட்டுமல்ல, மூன்று நாள் வரை புரட்டுங்கள். மாலை ஆட்டத்தின் முடிவு ஒருநாள் தள்ளித்தான் அச்சாகும். புதுச்சேரியில் 1954 நவம்பர் 1-க்கு முந்தைய காலம் வேண்டுமென்றால் தாள்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கும். ரோமன் ரோலண்ட் நூலகமும், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா என்ற இணையத் தொகுப்பும் தொடங்குமிடம்.

ட்ரா ஷீட்டைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்தல்

பாதி கிழிந்த ட்ரா ஷீட் கிடைத்தாலும் விடாதீர்கள். நாக் அவுட் போட்டியில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றும். ஆகவே மொத்த ஆட்டங்கள், அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 13 அணிகள் என்றால் 12 ஆட்டம். முதல் சுற்றில் 'பை' (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) எத்தனை பேருக்கு என்று அறிய, அடுத்த பெரிய இரட்டிப்பு எண்ணிலிருந்து (8, 16, 32, 64) அணிகளைக் கழியுங்கள்: 16-லிருந்து 13 போக 3 பை. உங்கள் அணி "மூன்றாம் சுற்று வரை போனது" என்று மலரில் இருந்தால், முதல் சுற்றில் பை, இரண்டாவதில் எதிரணி வராததால் வாக் ஓவர் என்று ஒரு பந்தைக்கூட உதைக்காமலே அங்கே போய்ச் சேர்ந்திருக்கவும் முடியும். இதைப் பார்க்காமல் "சாதனை" என்று எழுதக் கூடாது.

கடைசி நாலு அணிகளை லீக் முறையில், அதாவது ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் மோதும்படி, ஆடவைப்பது வழக்கம். அப்போது 22 அணிகள் கலந்துகொண்டால், நாலாகக் குறைய 18 ஆட்டம், லீக்கில் 6, ஆக 24. உங்களிடம் 23 ஆட்டத்தின் முடிவுதான் இருக்கிறது என்றால் ஒன்று இன்னும் எங்கோ இருக்கிறது.

லீக் புள்ளிகளிலும் ஒரு சோதனை உண்டு. பழைய முறையில் வெற்றிக்கு 2 புள்ளி. 6 ஆட்டத்துக்கு மொத்தம் எப்போதும் 12 வரும். வெற்றிக்கு 3 புள்ளி என்பது 1994 உலகக் கோப்பைக்குப் பிறகுதான் எங்கும் பரவியது. அந்த முறையில் மொத்தம், 18-லிருந்து டிராவில் முடிந்த ஆட்டங்களைக் கழித்தால் வரும் எண். எல்லா அணிகளும் அடித்த கோல்களின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோல்களின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு ஆட்டத்தின் முடிவு தவறாகப் பதிவாகியிருக்கிறது.

"1966-ல் டைபிரேக்கரில் ஜெயித்தோம்" என்று யாராவது சொன்னால் ஆண்டைச் சந்தேகியுங்கள். பெனால்டி அடித்து வெற்றி தோல்வியை முடிவு செய்யும் முறை ஆட்ட விதிகளில் வந்தது 1970-ல். அதற்கு முன் மறு ஆட்டம், அல்லது டாஸ், அல்லது கூட்டுச் சாம்பியன். மஞ்சள், சிவப்பு அட்டையும் 1970 உலகக் கோப்பையில் அறிமுகமானதுதான்.

தேதியில்லாத படம், தேதியில்லாத கடிதம்

குழுப்படத்தின் அட்டையில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பின்பக்கம் பென்சிலில் ஓர் எண் இருக்கலாம். சட்டகத்திலிருந்து கழற்றாமல் அது தெரியாது. பந்தைப் பாருங்கள்: கறுப்பு வெள்ளைப் பந்து 1970 உலகக் கோப்பைக்குப் பிறகு பரவியது, வாய் கட்டிய பழுப்புத் தோல் பந்து அதற்கு முந்தையது. கல்லூரிகள் பழைய பந்தைச் சில ஆண்டு கூடுதலாகவே ஓட்டியிருக்கும் என்பதால் பழுப்புப் பந்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். வெறுங்காலும் அப்படித்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். கல்லூரி மைதானங்களில் அந்தப் பழக்கம் வெகுகாலம் நீடித்தது.

கடிதத் தலைப்பு கைகொடுக்கும். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. "மதராஸ் மாநிலம்" என்றிருந்தால் 1969-க்கு முந்தையது. "தென்னார்க்காடு மாவட்டம்" என்றிருந்தால் பெரும்பாலும் 1993-க்கு முன், அந்த ஆண்டில்தான் கடலூரும் விழுப்புரமும் பிரிந்தன. பழைய தாள் தீரும் வரை அலுவலகங்கள் அதையே ஓட்டுவதும் உண்டு. 2006-ல் பாண்டிச்சேரி புதுச்சேரியானது, ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர் பழையபடியே நிற்கிறது. அதை வைத்து ஆண்டு சொல்ல முடியாது.

படத்தில் ஆட்களை அடையாளம் காண, படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து ஒவ்வொரு தலையையும் வட்டமிட்டு எண் போடுங்கள். அசல் படத்தில் பேனா படவே கூடாது. மூன்று மூத்த ஆட்டக்காரர்களிடம் தனித்தனியாகக் காட்டிப் பெயர் வாங்குங்கள். புதுச்சேரியில் பெயர்களில் தனிக் கவனம் வேண்டும்: பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களில் குடும்பப் பெயர் உண்டு, கல்லூரிப் பதிவேட்டில் அது இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். இரண்டு பெயரும் ஒரே ஆளா என்று பிறந்த தேதியை வைத்து ஒப்பிடுங்கள்.

பழைய ஆட்டக்காரர்களிடம் பேசுவது

"எந்த வருஷம் சார்?" என்று தொடங்கினால் தவறான ஆண்டுதான் கிடைக்கும். "நீங்க எந்த செட்டு? ஃபர்ஸ்ட் இயர்ல இருக்கும்போது கேப்டன் யாரு? அப்போ ஃபைனல் இயர்ல யார் யார் ஆடினாங்க?" என்று கேளுங்கள். செட்டை வைத்து ஆண்டைப் பிடித்துவிடலாம். 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன் கல்லூரியில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு ஓராண்டு இருந்தது, ஆகவே அந்தக் காலத்தவர் நாலு சீசன் ஆடியிருக்க முடியும், பிந்தையவர் இளங்கலையில் மூன்றுதான். ஐந்து சீசன் ஆடியதாகச் சொல்பவர் முதுகலையும் அங்கேயே படித்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் முழுக்க நினைவில் இருக்கும் நிகழ்வுகளும் உதவும். 1965 ஜனவரி இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார், கல்லூரிகள் மூடின. 1964-65 சீசன் பாதியில் நின்றதா என்று அந்தச் செட்டிடம் கேட்க வேண்டும். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் ஆகியவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் பதில் தெளிவாக வரும்.

எந்த இடத்தில் ஆடினார் என்பதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "லெஃப்ட் இன்", "ரைட் அவுட்", "சென்டர் ஹாஃப்" என்றால் இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்ட் வைத்து ஆடிய காலம். அதை "மிட்ஃபீல்டர்" என்று மாற்றினால் அணி எப்படி ஆடியது என்ற தகவலே போய்விடும். ஆட்டம் எத்தனை நிமிடம் என்றும் கேளுங்கள். பாதிக்கு 35 நிமிடம் வீதம் 70 நிமிட ஆட்டம் இந்தியாவில் நெடுநாள் நடந்தது. ஒப்புதல் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். முதல் வரியாகப் பெயர், தேதி, இடத்தை நீங்களே சொல்லிப் பதிவு செய்துவிட்டால் கோப்பு பெயர் மாறினாலும் பயமில்லை.

பெண்கள் அணிக்குத் தனிப் பதிவேடு போடுங்கள், கடைசிப் பத்தியில் ஒதுக்காதீர்கள். கடலூரில் இது மிகவும் முக்கியம். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 2018-ல் மணிப்பூரை வென்று தமிழ்நாடு தேசிய மகளிர் சாம்பியனானது. இந்த ஊர் மைதானங்களில் வளர்ந்த பெண்கள் எந்தக் கல்லூரிக்கு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார்கள் என்பதை ஆட்டக்காரர்கள் இளமையாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடலாம்.

நனைந்த தாள், ஒட்டிய படம்

நம் கரையில் புயல் வராத ஆண்டு குறைவு. நனைந்த கோப்பை 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு மை வெளிறும். மின்விசிறிக்குக் கீழே பரப்பி, பக்கங்களுக்கு நடுவே அச்சிடாத வெள்ளைத் தாள் வையுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஏறிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிய பழைய ஸ்டுடியோ படங்களைப் பிய்க்காமல் சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் தானாகப் பிரியும். படப் பக்கம் மேலே இருக்கும்படி உலர்த்துங்கள். கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த படத்தை நீரில் போடக் கூடாது, சாயம் கரைந்துவிடும்.

1990-களின் ஃபேக்ஸ் தாள்களை முதலில் நகலெடுங்கள். ட்ராவும் முடிவும் அப்போது ஃபேக்ஸில்தான் வந்தன. அந்த வெப்பத்தாளில் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மங்கும். சான்றிதழை லேமினேட் செய்ய வேண்டாம். உள்ளே ஈரம் தங்கினால் பிறகு பிரித்துக் காப்பாற்ற வழியில்லை. ஏற்கெனவே செய்ததைப் படமெடுக்கும்போது ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்து எடுங்கள்.

தாள்களை 300 டி.பி.ஐ.யிலும் படங்களை 600 டி.பி.ஐ.யிலும் ஸ்கேன் செய்யுங்கள். கோப்புப் பெயர் "1978-79-குழுப்படம்-01" என்று ஆண்டில் தொடங்கட்டும். வாட்ஸாப்பில் அனுப்பி வாங்கிய படம் சுருங்கிவிடும், அசலை மெமரி கார்டிலோ மின்னஞ்சல் இணைப்பிலோ வாங்குங்கள். மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கடலோரத்தை விட்டு வேறு ஊரில் இருக்கட்டும்.

எழுதி முடித்த பின்

அச்சுக்குப் போகும் முன், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், மதிப்பெண் எல்லாவற்றையும் வெளியிடும் பிரதியிலிருந்து நீக்குங்கள். பதிவேட்டையும் ஆதாரங்களின் நகலையும் நூலகத்தில் ஒன்றும் உடற்கல்வித் துறையில் ஒன்றுமாகக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். மலரின் கடைசிப் பக்கத்தில் காலியான ஆண்டுகளை மட்டும் தனியாக அச்சிட்டு, அந்தச் செட்டு ஆட்களிடம் இருக்கும் சான்றிதழ், படம் ஆகியவற்றின் நகலைத் துறை முகவரிக்கு அனுப்பக் கேளுங்கள். மலர் வீடு போய்ச் சேர்ந்த முதல் சில வாரங்களில்தான் அதிகம் வரும். வந்ததைப் பதிவேட்டில் ஏற்ற அந்த நேரத்துக்கு ஓர் ஆளை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.